ஆறாவது கூண்டு

பாலம் திறந்த அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. ‘ஆறாவது கூண்டில் தகடு ஆடுகிறது.’ நான்கு சொற்கள். சொல்லியிருந்தால் முதலில் முகத்தைச் சுளித்திருப்பாய். பிறகு யாரையாவது கூப்பிட்டு, அந்தக் கூண்டின் வாயில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டச் சொல்லியிருப்பாய். உனக்கு அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்று காலை இதையெல்லாம் நினைக்க வேண்டும் என்று நான் உட்காரவில்லை. சேலத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சாம்பல் நிறம். அடிக்கிறவர் துருவைச் சுரண்டவில்லை, அதன் மேலேயே பூசிக்கொண்டு போகிறார். அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்து அறைக்குள் நின்றது. ஜன்னலைச் சாத்தினேன், போகவில்லை. கையிலிருந்த மெய்ப்புத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்த ஒரு தாளை எடுத்தேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதப் போகிறேன். எழுதினால்தான் எனக்கு எது முன்னால், எது பின்னால் என்று பிடிபடுகிறது.

நம் பள்ளிக்கூடம் காவிரிக்கு அந்தக் கரையில் இருந்தது. பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். ரயில் பாலத்தில் நடந்தால் பதினைந்து நிமிடம். நடக்கக்கூடாது என்று இரண்டு முனையிலும் பலகை வைத்திருந்தார்கள். பலகையில் பையை மாட்டிவிட்டு செருப்பை இறுக்கிக்கொண்டு, மறுபடி பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இரும்புத் தகடு போட்டிருக்கும். தகடுகளின் இடுக்கில் ஆறு தெரியும். வெயில் காலத்தில் பாறை தெரியும்.

கூண்டு என்று நாம்தான் பெயர் வைத்தோம். பாலத்தில் வேலை செய்கிறவர்கள் ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பதற்காக, பாலத்தை விட்டு வெளியே ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்த சின்ன மேடைகள். மூன்று பக்கம் கம்பி, காலுக்குக் கீழே ஒரே ஒரு தகடு. நம் கரையிலிருந்து அந்தக் கரை வரை மொத்தம் பதினொன்று, எல்லாமே ஆறு போகும் திசையில். ஆறாவது நடு ஆற்றில்.

ரயில் ஊதினால் அருகில் உள்ள கூண்டுக்கு ஓட வேண்டும். உள்ளே போய் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கண்ணில் துரு விழும் என்பது நீ சொன்ன காரணம். வண்டியைப் பார்த்தால் தலைசுற்றும் என்பது உண்மையான காரணம். இந்த விதிகளை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மாதத்தில் கால்கள் தாமாகக் கற்றுக்கொண்டன.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் காலை பள்ளிக்குப் போகும்போது, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஊதல் கேட்டது. நான் ஐந்தை நோக்கித் திரும்பி ஓடினேன். நீ என் புத்தகப் பையின் வாரைப் பிடித்து இழுத்தாய்.

“எங்க புள்ள போறே? வண்டி அங்கிருந்துதான் வருது!”

“அதுதான் கிட்டக்க இருக்குது!”

“முன்னால ஓடு! எப்பவும் முன்னால!”

ஆறாவதற்குள் இருவரும் நசுங்கிக்கொண்டு நின்றோம். என் முன்பல் உன் தோளில் இடித்தது. வண்டி போன பிறகும் பாலம் சிறிது நேரம் முனகிக்கொண்டிருந்தது. அதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்திருந்தாய். அன்றிலிருந்து எந்தப் பக்கமிருந்து ஊதினாலும் நீ முன்னால் இருந்த கூண்டுக்கும், நான் பின்னால் இருந்த கூண்டுக்கும் ஓடினோம். ரயில் போன பிறகு நடுவில் சந்தித்துக்கொள்வோம். “பொழச்சுக்கிட்டியா?” என்று கேட்பாய். “பொழச்சுக்கிட்டேன்” என்பேன். தினமும்.

ஏழாவது படிக்கும்போது என் நாக்கை ஊர் கண்டுபிடித்தது. மாரியம்மன் நோம்பிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பக்கத்தில் ஒரு காலின் முளை மண்ணை விட்டு எழும்பியிருந்ததைப் பார்த்தேன். “அந்தக் காலு சாயப் போவுதுங்க” என்று அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலக் காற்றில் அந்தப் பக்கம் இறங்கி, சமையல்காரருக்குக் கை முறிந்தது. கூட்டத்தில் ஒருத்தி என் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். “நாக்க நீட்டு.” நீட்டினேன். கடுகளவு ஒரு கருப்புப் புள்ளி.

“பாருங்க, கரிநாக்கு! இந்தப் புள்ள வாயக் கட்டி வைங்க. சொன்னா நடந்துரும்.”

முளையைப் பார்த்ததால் சொன்னேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பார்த்துச் சொன்னதற்கும் சொல்லி நடக்கவைத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. அதன் பிறகு என் அம்மா, நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே இரண்டு விரலால் என் உதட்டில் தட்டுவாள். வலிக்காது. ஆனால் இன்றும் சில சமயம், யாரும் தட்டாமலே, உதட்டில் அந்த இரண்டு விரலை உணர்கிறேன். பேசாதவளுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். கிடைத்ததையெல்லாம் படித்தேன். நாக்கில் இருப்பது வெறும் நிறமி என்று படித்தேன். நடந்துவிட்ட பிறகு எல்லோரும் காரணத்தை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்று படித்தேன். படித்ததெல்லாம் தலைக்குள் போனது. நாக்கு ஊரிலேயே இருந்துவிட்டது.

நீ ஒருத்திதான் அதற்குப் பயப்படவில்லை. அதை வேலை வாங்கினாய்.

“ஏ கரிநாக்கி, நான் பாஸாயிருவேன்னு சொல்லு.”

“பாஸாயிருவே.”

“எல்லாத்துலயும்னு சொல்லு. மிச்சம் வைக்காத.”

கணக்கில் போய்விட்டது. “உன்ற நாக்கு கணக்குக்கு ஆவாது போல” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். மறு தேர்வில் தேறினாய். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், “நல்லவனா இருப்பான்னு சொல்லிட்டுப் போ” என்றாய். சொன்னேன். நல்லவராகத்தான் இருந்தார். போர்வெல் லாரியோடு வருடத்தில் எட்டு மாதம் வடக்கே இருந்தார் என்பது வேறு. நீ உன் அம்மாவோடேயே இருந்துகொண்டு, பாலத்துக்குப் போகிற வழியில் ஆன்லைன் சென்டர் வைத்தாய். பட்டா, ஆதார், ஸ்காலர்ஷிப், ஜெராக்ஸ். ஊரின் மனு எல்லாம் உன் விரல் வழியாகப் போனது.

நான் சேலத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் ஆனேன். பிழை கண்டால் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாயைத் திறக்காமலே எச்சரிக்கிற வேலை. எனக்காகவே செய்து வைத்தது போல இருந்தது.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி ரயிலை அதில் விட்ட பிறகு பழையது சும்மா நின்றது. ஒரு நாள் போனில் கூப்பிட்டாய்.

“நம்ம பாலத்த எடைக்குப் போடப் போறாங்களாம். அறுத்து லாரில ஏத்திருவாங்களாம்.”

“எழுதிப் போட வேண்டியதுதானே?”

“எழுதிட்டேன். திங்கக்கெழம மனு குடுக்கற எடத்துல என்னையப் பாத்தாவே எந்திரிச்சுப் போறாங்க. நீ ஒன்னு பண்ணு. எடுக்கமாட்டாங்கன்னு சொல்லு.”

“எடுக்கமாட்டாங்க.”

“தெளிவாச் சொல்லு புள்ள, சிக்னல் உட்டு உட்டு வருது.”

“பாலத்த எடுக்கமாட்டாங்க!”

அச்சகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ எழுதினாய். அந்தக் கரைக்குப் பள்ளிக்கும் மில்லுக்கும் போகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினாய். கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நடக்கப் புதுத் தளம் போட்டு, இரண்டு பக்கமும் உயரமாகக் கம்பி கட்டி, விளக்கு வைத்து, நடைபாலமாக்கிவிடலாம் என்று முடிவானது. “உன்ற நாக்குதான்” என்றாய். உன் செருப்பு தேய்ந்த பெருமையை எனக்குக் கொடுத்துவிட்டாய்.

திறப்பு நாள் ஆனி மாதம். வெயில் சாய்ந்த நேரம். பெரியவர்கள் வந்து நாடா வெட்டி, பேசி, போய்விட்டார்கள். ஊர் பாலத்தின் மேல் ஏறியது. உன்னைப் பத்தடி நடக்கவிடாமல் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் கூட்டத்தில் நிற்கத் தெரியாதவள். முன்னால் நடந்துவிட்டேன்.

புதுத் தளம் கால் அதிராமல் இருந்தது. இடுக்கில் ஆறு தெரியவில்லை. ஆனால் கூண்டுகளை அப்படியே விட்டிருந்தார்கள், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக. புதுக் கம்பியில் அங்கங்கே ஒரு கதவளவு இடைவெளி விட்டு, அதற்கு வெளியே பழைய கூண்டு. எல்லாம் சாம்பல் நிறத்தில் மின்னின. பெயிண்ட் வாசனை அந்தக் காற்றிலும் கலையாமல் இருந்தது. எண்ணிக்கொண்டே நடந்து ஆறாவதில் கால் வைத்தேன்.

தகடு வலது மூலையில் ‘டக்’ என்று இறங்கியது. ஒரு விரல் அளவுதான். காலை எடுத்ததும் இன்னொரு சத்தத்தோடு மேலே வந்து ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மூலையில் போல்ட் இருக்க வேண்டிய ஓட்டையைப் பெயிண்ட் பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியில் தண்ணீர் தெரிந்தது.

“ஏ கரிநாக்கி! அங்கயே நில்லு, போட்டோ எடுக்கறேன்!”

நீ வந்துகொண்டிருந்தாய். நீலப் பட்டுச் சேலை. நெற்றியில் யாரோ வைத்துவிட்ட குங்குமம், வியர்வையில் மூக்கு வரை இறங்கியிருந்தது. உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் கூண்டிலிருந்து வெளியே வந்தேன்.

“ஏன் வந்துட்டே?”

அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயையும் திறந்தேன். உதட்டில் இரண்டு விரல் பட்டது போல இருந்தது. தலைக்கு மேல் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்த பேனரைக் காட்டி, “அதுல ஒரு தப்பு இருக்குது” என்றேன்.

“என்னது?”

“இரும்பு பாலம்னு போட்டிருக்காங்க. இரும்புப் பாலம். ஒரு ‘ப்’ வரோணும்.”

நீ அண்ணாந்து பார்த்தாய். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தாய்.

“ரண்டு வருசம் நாயா அலஞ்சு பாலத்தக் கொண்டாந்தா, இவ ‘ப்’ இல்லீங்கறா! ஏம்புள்ள, ஒரு ‘ப்’ இல்லாட்டி பாலம் உழுந்துருமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“உழுவாது” என்றேன்.

“அப்படிச் சொல்லு. இன்னொருக்காச் சொல்லு. இன்னும் நூறு வருசம் நிக்கும்னு சொல்லு.”

என் குதிகாலுக்குப் பின்னால் இரண்டடியில் அந்தத் தகடு இருந்தது.

“நிக்கும்” என்றேன்.

அன்று அதைச் சொல்லாததற்கு உன் முகம் காரணம் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். உன் நாளைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், உண்மைதான். ஆனால் அது பாதி. மறுநாள் நீ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்திருப்பாய். கூப்பிட்டிருக்கலாம். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து நீ ஒரு படம் அனுப்பினாய். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஆறாவது கூண்டில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ‘நம்ம கூண்டுல கூட்டத்தப் பாரு’ என்று எழுதியிருந்தாய். நான் முகங்களைப் பார்க்கவில்லை. பெரிதாக்கிக் கால்களைப் பார்த்தேன். வலது மூலையில் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. நிழலாகவும் இருக்கலாம்.

‘அந்தத் தகடு’ என்று தட்டினேன். அழித்தேன். ‘ஒன்னு சொல்லோணும்’ என்று தட்டினேன். அதையும் அழித்தேன். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன்.

ஏன் என்று இப்போது எழுத முடியும். சொன்ன பிறகு ஏதாவது நடந்தால் அதை நடத்தியவள் நான். சொல்லாமல் நடந்தால், நடந்தது மட்டும்தான். இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டதில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து எனக்குள் யாரோ போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலு பேர் நின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்று அந்தப் படத்தையே சமாதானமாகவும் எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டினார்கள். நீ போனில் ஆற்றின் சத்தத்தைக் கேட்க வைத்தாய். முதலில் சல்லென்று கேட்டது. பிறகு ஒரு நாள், பக்கத்து அறையில் கனமான எதையோ நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போவது போலக் கேட்டது.

“பதினெட்டுக்கு வந்துரு. படித்துறைல எறங்க உடமாட்டாங்க. சனம் பூராப் பாலத்துலதான் நிக்கும். என்னால ஒருத்தியாச் சமாளிக்க முடியாது.”

“வாரேன்.”

வந்தேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடசைத்துப் பழகினேன், நாடகத்துக்கு வசனம் பழகுவது போல. ஆறாவது கூண்டில் தகடு ஆடுகிறது. ஆறாவது கூண்டில் தகடு ஆடுகிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

காலை பத்து மணி இருக்கும். கரையோரத்தில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. படித்துறையைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். ஆறு இரண்டு கரையையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போனது. நாம் பார்த்து வளர்ந்த பாறைகள் ஒன்றும் இல்லை. முழு வாழை மரம் ஒன்று வேரோடு நிமிர்ந்த வாக்கில் வந்து, பாலத்துக்கு அடியில் போய், அந்தப் பக்கம் படுத்த வாக்கில் வெளியே வந்தது.

பாலத்தின் மேல் பெண்கள் முளைப்பாரியும் பூவும் மஞ்சளுமாக நின்றார்கள். கம்பி இடுக்கு வழியாகப் பூவைப் போட்டார்கள். பூ தண்ணீரைத் தொடுவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. நீ கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய்.

“ஏனுங்க, பாலம் ஆடுதுங்களே!” என்றாள் ஒருத்தி.

“பாலம் ஆடலீங்க, நீங்கதான் ஆடறீங்க. காலையிலிருந்து ஒன்னுஞ் சாப்புடலயா?”

“விரதமுங்க!”

“அப்ப எடது பக்கமா ஆடிக்கிட்டே போங்க!”

என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தாய். கையைப் பிடித்துக்கொண்டாய். உன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கூட்டத்தை விலக்கியபடி இருவரும் நடந்தோம். நான்கைக் கடந்தோம். ஐந்தைக் கடந்தோம். கூண்டுகளில் யாரும் இல்லை. அவ்வளவு தண்ணீருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க அன்று யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு லேசானது. இன்று யாரும் ஏறமாட்டார்கள், சொல்வதற்கு நேரம் இருக்கிறது.

“உங்கிட்ட ஒன்னு சொல்லோணும்” என்றேன்.

நீ நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய். சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அல்லவா!

“நல்லதா கெட்டதா?”

“கெட்டது.”

நீ சட்டென்று உன் இரண்டு விரலை எடுத்து என் உதட்டின் மேல் வைத்தாய். என் அம்மாவைப் போலவே. அந்த விளையாட்டை நீ அதுவரை ஒரு முறைகூட விளையாடியதில்லை.

“அப்ப நாளைக்குச் சொல்லு. நோம்பியன்னைக்கு, ஆத்து மேல நின்னுக்கிட்டு வேண்டாஞ் சாமி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் விரலை எடுக்கவில்லை. நீயும் பயந்திருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் பயந்துகொண்டேதான் என்னிடம் நல்லதாகக் கேட்டு வாங்கியிருக்கிறாய்.

ரயில் ஊதியது.

அது பக்கத்துப் புதுப் பாலத்தில் வந்த ரயில். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவரும் அசையவில்லை. சில குழந்தைகள் கையாட்டினார்கள். பழைய பாலத்தில் தினமும் ரயிலோடு நடந்து பழகிய கால்கள் அன்று அங்கே நான்குதான் இருந்தன.

நான் பின்னால் ஓடினேன். நீ முன்னால் ஓடினாய்.

ஐந்தாவது கூண்டில் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. ரயில் போகிற சத்தத்துக்கு உள்ளே ‘டக்’ என்று ஒன்று கேட்டது. அதை எனக்குத் தெரியும். பிறகு மேலே வந்து ஒட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். மேசைக்கு எதிரே என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தகட்டின் நிலை பற்றி யாருக்காவது முன்பே தெரியுமா என்று பொதுவாகத்தான் கேட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். “யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“இல்லைங்க.”

ஏன் என்று கேட்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அதில் இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் உன் அம்மாவிடம் போனேன். அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உன் விசில் ஆணியில் தொங்கியது. கூட இருந்தவர்கள் எழுந்து போகும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆனி மாதத்தில் பார்த்தது, ‘ப்’ என்று சொன்னது, அழித்த செய்திகள், கடைசியில் உன் விரல். என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதில்லை. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

அத்தை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லவேளை நீ சொல்லல சாமி. சொல்லியிருந்தீன்னா உன்ற நாக்காலதான் அவ போயிட்டான்னு ஊரு சொல்லியிருக்கும். நானே சொல்லியிருப்பேன்.”

என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த மடியிலிருந்து எழுந்திருக்க எனக்குத் தெரியவில்லை. அத்தையிடம் மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

நீ போன பிறகு என்னிடம் இருப்பது ஒரு வழக்கம்தான். அச்சகத்தில் இப்போது பிழையைச் சுழித்து மட்டும் விடுவதில்லை. எழுந்து போய், அச்சுக் கோக்கிறவரின் பக்கத்தில் நின்று, வாய்விட்டுச் சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது பழகிவிட்டது. மின்விசிறி ஆடினால் சொல்கிறேன். பஸ்ஸில் படிக்கட்டுக் கம்பி கழன்றிருந்தால் கண்டக்டரிடம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் உதட்டில் இரண்டு விரலை உணர்கிறேன். முன்பு அவை என் அம்மாவின் விரல்கள். இப்போது உன்னுடையவை, ஈரமாக இருக்கின்றன. அவற்றை விலக்கிவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதை எழுதி முடிக்கும் முன் கீழே போய், பெயிண்ட் அடிக்கிறவரிடம் துருவைச் சுரண்டிவிட்டு அடிக்கச் சொன்னேன். “மேல அடிச்சா ஒன்னுந் தெரியாதுங்க” என்றார். “அதுக்குத்தாங்க சொல்றேன்” என்றேன். உப்புத்தாளை எடுத்தார்.

நீ ஆற்றில் விழுந்த மூன்றாம் நாள் காலையில் ஜேடர்பாளையம் தடுப்பணையின் ஓரத்தில் உன்னை எடுத்தார்கள். உன் வீட்டுக்காரர் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தது அன்று மதியம். பாலத்தை இரண்டு மாதம் பூட்டி வைத்து, பதினொரு கூண்டுகளையும் அறுத்து எடுத்துவிட்டு, இடைவெளிகளைக் கம்பியால் அடைத்துத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் போகிறார்கள். பக்கத்தில் ரயில் ஊதுகிறது. யாரும் ஒதுங்குவதில்லை. பாலம் நிற்கிறது.